ஆரோ கீ இல்லாத குட்டி கீபோர்டு: வாங்கலாமா, எப்படிப் பழகுவது?

மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு குட்டி மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிட்டீங்களா? இல்லை, வாங்கலாமா வேண்டாமா என்று ஆன்லைனில் பார்த்துக்கொண்டே இருக்கீங்களா? கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் முதல், வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பும் எழுத்து வேலையும் செய்கிறவர்கள் வரை பலருக்கும் இந்தச் சின்ன கீபோர்டுகள் மேல் இப்போது ஒரு கண். பார்க்க அழகு. பையில் அடங்கும். தட்டினால் வரும் சத்தமும் காதுக்குப் பிடிக்கும்.

ஆனால் வாங்கி வைத்த முதல் பத்து நிமிஷத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ''ஏனுங்க, இதுல ஆரோ கீ எங்கீங்க?''

அது தொலைந்து போகவில்லை. வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறது. அந்தப் புது விலாசத்தைக் கை கற்றுக்கொண்டால், பழைய கீபோர்டை விட வசதியாகக்கூட இருக்கும். கற்றுக்கொள்ளவில்லை என்றால், கொடுத்த சில ஆயிரம் ரூபாய் அலமாரியில் தூங்கும். வேலையும் ரெண்டு வாரம் இழுக்கும். இதில் நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் கை பழகுமா என்பதைப் பத்து பைசா செலவில்லாமல், இப்போது இருக்கிற கீபோர்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்த சைஸில் என்ன இருக்கும்?

கடையில் 100%, 75%, 60% என்று சொல்வதெல்லாம் கீபோர்டின் அளவுக்கான பட்டப்பெயர்கள். மாடலுக்கு மாடல் ஒன்றிரண்டு கீ கூடக்குறைய இருக்கலாம். பொதுவான கணக்கு இதுதான்.

முழு சைஸ்: 104 கீ. வலது பக்கம் நம்பர் பேட் தனியாக இருக்கும்.

டி.கே.எல்.: 87 கீ. நம்பர் பேட் மட்டும் கிடையாது.

75%: ஏறக்குறைய 84 கீ. எஃப்1 முதல் எஃப்12 வரையும் உண்டு, ஆரோ கீயும் உண்டு. எல்லாம் நெருக்கி அடுக்கியிருக்கும்.

65%: ஏறக்குறைய 68 கீ. மேல் வரிசை எஃப் கீக்கள் கிடையாது. ஆரோ கீ உண்டு.

60%: 61 கீ. எஃப் வரிசையும் கிடையாது, ஆரோ கீயும் கிடையாது. ஹோம், எண்ட், டெலீட், பேஜ் அப், பேஜ் டவுன், பிரிண்ட் ஸ்கிரீன் எதுவும் தனியாக இருக்காது.

40%: 47 கீ அளவில். மேலே இருக்கும் எண் வரிசையும் போய்விடும்.

நாம் பேசப்போவது 60% பற்றித்தான். இதில் காணாமல் போன கீ எல்லாமே எஃப்.என். என்ற ஒரு கீக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எஃப்.என்.-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து வராது. அதற்குப் பதில் ஆரோ வேலை செய்யும். லேப்டாப்பில் வெளிச்சம் கூட்டவும் குறைக்கவும் எஃப்.என். அழுத்துகிறோமே, அதே சமாச்சாரம்தான். இதை 'லேயர்' என்பார்கள். மேல் மாடி, கீழ் மாடி மாதிரி, ஒரே கீக்கு ரெண்டு தளம்.

ஆரோ கீ இல்லாதது புதுசு இல்லை

கோவை, ஈரோடு, கோபி என்று கொங்கு நாட்டில் எந்த ஊரை எடுத்தாலும், டைப்பிங் இன்ஸ்டிட்யூட் போய் வந்த ஒரு தலைமுறை வீட்டுக்கு வீடு இருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்காகக் காலையில் ஒரு மணி நேரம் தட்டிவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்க. டைப்ரைட்டரில் ஆரோ கீ என்று ஒன்று கிடையாது. 'ஏ எஸ் டி எஃப்' என்று முதல் நாள் எங்கே விரல் வைக்கச் சொன்னார்களோ, கடைசி நாள் வரை கையின் வீடு அதுதான். அங்கே நகர்ந்தது காகிதம் மாட்டிய கேரேஜ், கை இல்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் கதை கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. 1976-ல் வந்த ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினலில் தனி ஆரோ கீ கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நாலு எழுத்துகளின் மேலேயே இடது, கீழ், மேல், வலது என்று அம்புக்குறி அச்சடித்திருந்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், 'விஐ' என்ற எடிட்டரை எழுதியது அந்த டெர்மினலில்தான். அதனால்தான் இன்று வரை புரோகிராமர்கள் எச்-ஜே-கே-எல் வைத்தே திரையில் அங்குமிங்கும் போகிறார்கள்.

1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட முதல் மெக்கின்டாஷ் கீபோர்டிலும் ஆரோ கீ கிடையாது. மக்கள் மவுஸைப் பழகட்டும் என்று வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1986-ல் மெக்கின்டாஷ் பிளஸ் வந்தபோது ஆரோ கீ திரும்ப வந்தது.

இன்றைய 60% கீபோர்டுகளுக்கு வழிகாட்டி என்று சொல்ல வேண்டுமானால், ஜப்பானில் 1996 டிசம்பரில் வந்த 'ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு'தான். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எயிட்டி வாடாவின் யோசனையை, பி.எஃப்.யூ. நிறுவனம் பொருளாகச் செய்தது. ஆரோ கீ வேண்டுமா? எஃப்.என். அழுத்தி, வலது சுண்டுவிரல் பக்கம் வைர வடிவில் இருக்கும் நாலு குறியீட்டு கீக்களைத் தட்டு என்றது அது.

ஆக, இது ஏதோ நேற்று வந்த ஃபேஷன் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: கை கீயைத் தேடிப் போகணுமா, கீ கையைத் தேடி வரணுமா?

15 சென்டிமீட்டர் கணக்கு

சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் நடுவில் இருந்து பக்கத்து கீயின் நடு வரை 19 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில், ஜே மேல் இருக்கும் வலது ஆள்காட்டி விரலுக்கும் இடது ஆரோ கீக்கும் நடுவில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். போய் வந்தால் 30. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை போய் வருகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்க. 300 மீட்டர் கை நடந்திருக்கும். தூரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் விரல் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்க, கண் ஒரு நொடி கீழே போகும். எஃப், ஜே ரெண்டிலும் சின்ன மேடு வைத்திருப்பதே அந்த வீட்டை விரல் தடவிக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

லேத் பட்டறையில் அடிக்கடி எடுக்கிற ஸ்பேனரைக் கை எட்டும் தூரத்தில்தானே மாட்டி வைப்பார்கள்? அதே நியாயம்தான் இங்கேயும். எஃப்.என். லேயரில் ஆரோ கீ விரலுக்கு அடியிலேயே இருக்கும். கை வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. முழு சைஸ் கீபோர்டு ஏறத்தாழ 43 செ.மீ. அகலம், 60% கீபோர்டு 29 செ.மீ.தான். மிச்சமாகும் 14 செ.மீ. அளவுக்கு மவுஸ் உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் வரும். வலது தோளை அகட்டி வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். ஏற்கெனவே மணிக்கட்டில், தோளில் தொடர்ந்து வலி இருக்கிறது என்றால் அதற்குக் கீபோர்டு மருந்து கிடையாது. முதலில் டாக்டரைப் பாருங்க.

தமிழில் டைப் பண்றவங்க இதைக் கட்டாயம் கவனிங்க

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கீபோர்டு ஆலோசனைகள் எதிலும் இந்த விஷயம் இருக்காது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99 கீபோர்டு அமைப்பு. 2010 ஜூனில் நம்ம கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் யூனிகோடைத் தமிழுக்கான தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. இன்று தமிழ்99-ஐப் பழகி, யூனிகோடில் வேகமாகத் தட்டுகிறவர்கள் நிறைய பேர்.

தமிழ்99-ல் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் வலது பக்கம் க, ப, ம, த, ந, ய வரிசையாக இருக்கும். ஆங்கிலத்தில் வெறும் குறியீடாக இருக்கிற சில கீக்கள் தமிழில் எழுத்தாகிவிடும். சதுர அடைப்புக்குறி ரெண்டும் ச, ஞ. செமிகோலன் ந. அதற்கு அடுத்த மேற்கோள் குறி ய. சாய்கோடு, அதாவது ஸ்லாஷ் இருக்கும் இடம் ழ.

இதில் இருந்து மூன்று விஷயம் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று: 40% கீபோர்டு தமிழ்99-க்கு ஆகாது. அந்த சைஸில் பல மாடல்களில் சதுர அடைப்புக்குறி கீக்களே இருக்காது. 'சரி' என்று எழுதக்கூட ச-வுக்காக லேயர் மாற வேண்டி வரும். 60%-ல் அந்தப் பிரச்னை இல்லை. எல்லாத் தமிழ் எழுத்துகளும் தரைத் தளத்திலேயே கிடைக்கும்.

இரண்டு: 'தட்டினால் ஆரோ, எஃப்.என். சேர்த்தால் எழுத்து' என்று தலைகீழாக வேலை செய்யும் ஒரு வசதி சில 60% மாடல்களில் உண்டு. வலது கீழ் மூலையில் இருக்கும் கீக்களை நேரடி ஆரோவாக மாற்றிவிடும். அந்த நாலில் ஸ்லாஷும் ஒன்றாக இருந்தால் போச்சு. அந்த வசதியைப் போட்டுவிட்டு 'தமிழ்' என்று தட்டினால், ழ வர வேண்டிய இடத்தில் கர்சர் மேல் வரிக்கு ஓடிவிடும். வாங்கும் முன் அந்த நாலு கீ எவை என்று படத்தில் பெரிதாக்கிப் பாருங்க. வலது ஷிஃப்ட், ஆல்ட், மெனு, கன்ட்ரோல் என்றால் தமிழுக்குத் தொந்தரவு இல்லை.

மூன்று: எச்-ஜே-கே-எல் இருக்கும் அதே இடங்கள் தமிழ்99-ல் க-ப-ம-த. எஃப்.என். அழுத்தி க தட்டினால் இடது, ப கீழ், ம மேல், த வலது. 'கபமத' என்று நாலு தடவை சொல்லிப் பாருங்க, மனப்பாடம் ஆகிவிடும்.

தமிழுக்கு ஆரோ கீ ஏன் இவ்வளவு முக்கியம்? 'கோயம்புத்தூர்' என்று எழுதுங்க. நம்ம கண்ணுக்கு அது 7 எழுத்து. யூனிகோடு கணக்கில் 13. கோ என்பது க-வும் ஓகாரக் குறியும். ம் என்பது ம-வும் புள்ளியும் என்று தனித்தனியாகத்தான் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். ஆரோ கீ முழு எழுத்தாக நகரும். 7 தட்டில் சொல்லின் தொடக்கத்துக்கு வந்துவிடலாம். ஆனால் பெரும்பாலான செயலிகளில் பேக்ஸ்பேஸ் துண்டு துண்டாக அழிக்கும். முழுச் சொல்லையும் அழிக்க 13 தட்டு. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தப்பினால் பேக்ஸ்பேஸில் பின்னால் போய் மறுபடி அடித்துக்கொள்வது சுலபம். தமிழில் அப்படிச் செய்தால் கணக்கு இரட்டிப்பாகும். அதனால் ஆரோவைப் பழகாமல் பேக்ஸ்பேஸை வைத்தே ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீங்க. முழுச் சொல்லையே தூக்க வேண்டும் என்றால் மட்டும் கன்ட்ரோல் அழுத்தி பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு, அது போதும்.

யாருக்கு இது வேண்டாம்?

நேராகச் சொல்லிவிடலாம். டேலியும் எக்ஸெலும்தான் உங்கள் பிழைப்பு என்றால் 60% வேண்டாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. டேலியில் பேமென்டுக்கு எஃப்5, ரெசிப்டுக்கு எஃப்6, சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9. 60%-ல் இவை ஒவ்வொன்றுக்கும் எஃப்.என். சேர்த்து எண் கீயை அழுத்தணும். தொகை போடுவதற்கு நம்பர் பேட் கிடையாது. லெட்ஜரில் மேலும் கீழும் போக மறுபடி எஃப்.என். ஒரு வவுச்சருக்கு ஒரு நொடி கூடினாலும், நாள் முழுக்கப் போடுகிறவர்களுக்கு அது வேலைச் சுமைதான். மெர்ச்சண்டைசிங்கில் ஆர்டர் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இடம்தான் பிரச்னை என்றால் உங்களுக்கு 75% கீபோர்டும், தனியாக வாங்கும் யு.எஸ்.பி. நம்பர் பேடும் பொருந்தும். நம்பர் பேடை இடது பக்கம்கூட வைத்துக்கொள்ளலாம். மவுஸ் பக்கத்தில் இருக்கும்.

எக்ஸெலை எப்போதாவது திறக்கிறவர் என்றால் பயப்பட வேண்டாம். என்டர் கீழே இறக்கும். ஷிஃப்ட் சேர்த்த என்டர் மேலே ஏற்றும். டேப் வலது பக்கம்; ஷிஃப்ட் சேர்த்த டேப் இடது பக்கம். ஆரோவே இல்லாமல் பாதி வேலை முடியும்.

கதை, கட்டுரை, இமெயில், மொழிபெயர்ப்பு, புரோகிராமிங் என்று எழுத்து அதிகம் அடிக்கிறவர்களுக்கு 60% பொருந்தும். ரெண்டுங்கெட்டான் நிலையில் இருந்தால் 65% எடுங்க. 60%-ஐ விட ஒரு கீ அகலம், அதாவது 2 செ.மீ.க்கும் குறைவுதான் கூடுதல். அந்த ரெண்டு சென்டிமீட்டருக்குள் ஆரோ கீ நாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

காசு போடும் முன் ஒரு ஒத்திகை

பெண் பார்க்கப் போகும் முன் விசாரிக்கிற ஊர் நம்ம ஊர். கீபோர்டுக்கும் விசாரிக்கலாம்.

விண்டோஸ் என்றால், மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பில் கீபோர்டு மேனேஜர் இருக்கிறது. அதில் 'ஆல்ட் சேர்த்த எச், ஜே, கே, எல்' நாலையும் இடது, கீழ், மேல், வலது ஆரோவாக மாற்றி வையுங்க. இன்னும் நுணுக்கமாக, கேப்ஸ் லாக்கையே எஃப்.என். மாதிரி ஆக்க வேண்டும் என்றால் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேக் என்றால் கராபினர். மேக்கில் எதுவும் போடாமலேயே இன்னொரு வழியும் உண்டு: கன்ட்ரோல் அழுத்தி பி இடது, எஃப் வலது, பி ஃபார் பிரீவியஸ் என்று வரும் பி மேல், என் கீழ். ரெண்டு 'பி' வருகிறதே என்று குழம்ப வேண்டாம். இடது பக்கம் போவது பேக்வேர்டின் பி.

எந்த மென்பொருள் போட்டாலும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழ்99-க்கு மாற்றி ஒருமுறை சோதித்துப் பாருங்க. சில தமிழ் எழுது மென்பொருள்களோடு இவை மோதலாம்.

அடுத்து முக்கியமான வேலை. ஒரு துண்டு அட்டையை வெட்டி, இப்போது இருக்கிற ஆரோ கீக்கள் மேல் செலோ டேப் போட்டு ஒட்டிவிடுங்க. டெலீட், ஹோம், எண்ட் மேலேயும் ஒட்டுங்க. பத்து நாள் அப்படியே வேலை பாருங்க. பத்தாவது நாளும் கை அட்டையைத் தேடிப் போய் முட்டிக்கொண்டே இருந்தால், உங்கள் வேலைக்கு ஆரோ கீ தேவை. 65% அல்லது 75% பாருங்க. அட்டை ஒட்டியதே மறந்துபோச்சு என்றால் தாராளமாக 60% வாங்கலாம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

எஃப்.என். எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்க. பல மாடல்களில் அது வலது கீழ் மூலையில் இருக்கும். ஆரோவும் வலது கையிலேயே ஐ-ஜே-கே-எல்-ல் இருந்தால், ஒரே கை எஃப்.என்.-ஐயும் பிடிக்கணும், எழுத்தையும் தட்டணும். விரல் விரிந்து வலிக்கும். எஃப்.என். வலது பக்கம் என்றால் ஆரோ இடது கையில், டபிள்யூ-ஏ-எஸ்-டி-யில் இருப்பது நல்லது. ஆரோ வலது கை என்றால் எஃப்.என். இடது பக்கம் வரணும்.

கீக்களை மாற்றி அமைக்க முடியுமா என்று கேளுங்க. கியூ.எம்.கே., வி.ஐ.ஏ. என்ற பெயர்கள் விவரக்குறிப்பில் இருந்தால் எந்த கீயையும் எதுவாகவும் மாற்றலாம். கேப்ஸ் லாக்கைத்தான் பெரும்பாலும் எஃப்.என். ஆக்குவார்கள். நடு வரிசையில் இடது சுண்டுவிரல் பக்கத்திலேயே இருக்கும் அந்த அருமையான இடத்தை, எப்போதாவது பயன்படும் ஒரு கீ சும்மா பிடித்து வைத்திருக்கிறது.

அந்த மாற்றம் எங்கே சேமிக்கப்படும் என்பதும் முக்கியம். கீபோர்டுக்குள்ளேயே சேமிக்கிற மாடல் என்றால், எந்த கம்ப்யூட்டரில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும். ஐ.டி. கம்பெனிகளில் வெளி மென்பொருள் எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டார்கள். கீபோர்டே ஆரோவாக அனுப்பிவிட்டால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. மொழி தமிழா, ஆங்கிலமா என்ற பிரச்னையும் வராது. கீபோர்டையே கொண்டுவரக் கூடாது என்று சில ஆபீஸ்களில் விதி இருக்கலாம். அதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்க.

திருப்பிக் கொடுக்கும் வசதி எத்தனை நாள் என்றும் பாருங்க. மூன்று நாளில் யாருக்கும் இது பழகாது. முடிந்தால் காந்திபுரம் பக்கம் கடையிலோ, நண்பரின் மேஜையிலோ ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்க.

ரெண்டு வாரப் பழக்கம்

முதல் மூன்று நாள்: நாலு ஆரோ மட்டும். வேகம் குறையும், குறையட்டும். கீயின் முன்பக்கத்தில் அம்புக்குறி அச்சு இல்லை என்றால் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்க. மேஜையில் பழைய கீபோர்டை வைக்காதீங்க. பக்கத்தில் இருந்தால் கை அங்கேதான் போகும்.

நாலு முதல் ஏழு நாள்: டெலீட், ஹோம், எண்ட். தமிழில் டெலீட் ஒரு தட்டில் முழு எழுத்தையே எடுத்துவிடும் என்பதால் அதற்கு நல்ல இடம் கொடுங்க. ஆரோவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது வாரம்: கூட்டு வேலைகள். கன்ட்ரோல் சேர்த்த ஆரோ சொல் சொல்லாகத் தாவும். ஷிஃப்ட் சேர்த்த ஆரோ தேர்ந்தெடுக்கும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். எஃப்.என்., ஷிஃப்ட், கன்ட்ரோல் மூன்றையும் ஒரே இடது கை பிடிக்க வேண்டி வரும். கேப்ஸ் லாக் எஃப்.என். ஆக இருந்தால், சுண்டுவிரலைக் கொஞ்சம் படுக்க வைத்து அதையும் அடியில் இருக்கும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தலாம். அது கஷ்டமாக இருந்தால், எஃப்.என். வேலையை இடது கட்டைவிரலுக்கு, ஆல்ட் கீக்குக் கொடுத்துவிடுங்க. ஸ்பேஸ் பாரையே 'தட்டினால் ஸ்பேஸ், பிடித்தால் எஃப்.என்.' என்று வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு ஸ்பேஸ் வர வேண்டிய இடத்தில் கர்சர் குதிக்கும்; பார்த்துச் செய்யுங்க.

சில கீக்களைத் தேடவே வேண்டாம். எஃப்5-க்குப் பதில் பிரவுசரில் கன்ட்ரோல் ஆர். பிரிண்ட் ஸ்கிரீனுக்குப் பதில் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். விண்டோஸ் ஃபோல்டரில் ஃபைலை அழிக்க கன்ட்ரோல் டி. நீளமான கட்டுரையில் ஒரு சொல்லுக்குப் போக ஆரோவில் நடக்க வேண்டாம். கன்ட்ரோல் எஃப் போட்டு அந்தச் சொல்லை எழுதினால் நேராக அங்கேயே இறங்கலாம்.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற வேலை என்றால் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் தலைக்கு மேல் இருக்கும். அந்த வாரத்தில் புது கீபோர்டைத் தொடாதீங்க. புராஜெக்ட் டெலிவரி நேரத்திலும் வேண்டாம். பழகும் ரெண்டு வாரம் வேலை மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை என்கிற நாளாகப் பார்த்துத் தொடங்குங்க.

ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று

ஆபீஸில் முழு சைஸ், வீட்டில் 60% என்று வைத்தால் குழம்பாதா? முதலில் குழம்பும். ஸ்கூட்டியும் கியர் வண்டியும் மாறி மாறி ஓட்டுகிறோமே, அந்த மாதிரி போகப் போகச் சரியாகிவிடும். சுலபமாக வேண்டும் என்றால், ரெண்டு இடத்திலும் ஒரே லேயரை வைத்துக்கொள்ளுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மென்பொருள் போட அனுமதி இருந்தால், முழு சைஸ் கீபோர்டிலும் கேப்ஸ் லாக் சேர்த்த எச்-ஜே-கே-எல் ஆரோவாகவே வேலை செய்யும். அப்போது கீபோர்டு மாறினாலும் கைக்கு வேலை மாறாது.

வீட்டில் குழந்தைகளோ, அப்பா அம்மாவோ அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அவர்களையும் நினைச்சுக்கோங்க. உங்களுக்கு மட்டுமே தெரிந்த லேயர் அவர்களுக்கு 'கெட்டுப்போன கீபோர்டு'. பழைய கீபோர்டைத் தூக்கிப் போடாமல், ஒரு யு.எஸ்.பி. போர்ட்டில் செருகியே வையுங்க. உங்கள் பழக்கம் முடிந்த பிறகு!

60% கீபோர்டு யாரையும் வேகமான டைப்பிஸ்ட் ஆக்கிவிடாது. முழு சைஸ் வைத்திருப்பதால் யாரும் பின்தங்கிப் போவதும் இல்லை. உங்கள் கை ஒரு நாளில் எங்கெங்கே போய் வருகிறது என்று ஒரு தடவை கவனித்துவிட்டு முடிவெடுங்க. அட்டை, கத்தரிக்கோல், செலோ டேப் மூன்றும் எடுத்து வையுங்க. நாளைக் காலையில் வேலையைத் தொடங்கும் முன் அந்த நாலு கீயை மூடிவிடுங்க. பத்தாவது நாள் உங்கள் விரலே பதில் சொல்லும்.